வீட்டின் சுமையை யார் தாங்குவது? கதிரவெளியும் கட்டட ஒப்பந்தங்களும்

ஒரு கட்டடம் எழும்பும்போது விலை ஏறலாம், மழை வேலையைக் குழப்பலாம், வரைபடத்தில் தவறு இருக்கலாம், வேலையின் தரம் குறையலாம், கொடுக்க வேண்டிய பணம் இடையில் நின்றுபோகலாம். இவற்றுள் எதை யார் தாங்குவது என்பதை, அது நேர்வதற்கு முன்பே எழுதி வைக்கும் ஆவணமே கட்டட ஒப்பந்தம். வேலை தொடங்கும் நாளில் எல்லோரும் நல்ல மனத்தோடு இருப்பதால் இந்தக் கேள்விகள் அன்று தேவையற்றவையாகத் தோன்றும். தேவைப்படும் நாளிலோ, அவற்றை நிதானமாகப் பேசும் மனநிலை யாருக்கும் இருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, பலருடைய நீண்ட அனுபவத்திலிருந்து திரட்டப்பட்ட மாதிரி ஒப்பந்தப் படிவங்கள் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தன.

இவற்றை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லைப் பகுதியிலுள்ள கதிரவெளி பொருத்தமான இடம். வாகரைப் பிரதேசத்தில், மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 வீதியோரமாக, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் வயலுமாகக் கிடக்கும் இந்தக் கரை, 2004 டிசம்பர் 26 கடற்கோளால் அழிந்து, 2006இன் பிற்பகுதியில் போரால் மீண்டும் வெறுமையாகி, 2007இல் தொடங்கிய மீள்குடியேற்றத்தின் பின் மறுபடியும் கட்டப்பட்டது. குறுகிய காலத்துக்குள் பல முறைகளில் வீடு கட்டப்பட்ட இக்கரையில், வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் நின்ற இடமும் ஒவ்வொரு முறையிலும் வேறாக இருந்தது. அவர் நின்ற இடமே அவருடைய உரிமையின் அளவையும் தீர்மானித்தது.

மூவர், இரண்டு ஒப்பந்தங்கள்

கட்டட வேலையில் மூன்று தரப்பினர் உண்டு. பணம் கொடுத்துக் கட்டுவிக்கும் உரிமையாளரை இலங்கையின் ஒப்பந்தப் படிவங்கள் தொழில்தருநர் என்று அழைக்கின்றன. வரைபடம் வரைந்து, வேலை அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பவர் கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளர். கட்டுபவர் ஒப்பந்தகாரர், ஊர்ப்பேச்சில் கொந்தராத்துக்காரர். மூவர் இருந்தாலும் மூவரும் சேர்ந்து ஒரே தாளில் கையொப்பமிடுவதில்லை. உரிமையாளர் கட்டடக் கலைஞரோடு ஓர் ஒப்பந்தமும் ஒப்பந்தகாரரோடு வேறோர் ஒப்பந்தமும் செய்துகொள்கிறார். கட்டடக் கலைஞருக்கும் ஒப்பந்தகாரருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் இரண்டாவது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளரின் பெயர் வருகிறது. எந்த வேலை முடிந்தது, அதற்கு எவ்வளவு பணம் சேர வேண்டும், தவணையை நீட்டுவதா இல்லையா, முடிந்த கட்டடத்தை ஏற்பதா என்பவற்றை அவரே சான்றளிக்கிறார். தமக்குச் சம்பளம் தரும் உரிமையாளரின் பிரதிநிதியாகப் பணிப்புரைகளை வழங்கும் அவரே, சான்றிதழ் எழுதும்போது இரு தரப்புக்கும் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்று படிவங்கள் எதிர்பார்க்கின்றன. இந்த இரட்டைப் பொறுப்பின் எடையை 1974இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சட்கிளிஃப் எதிர் தாக்ரா என்ற வழக்கு காட்டுகிறது. அவ்வழக்கில் குறைபாடுள்ள வேலைக்கும் சேர்த்துக் கட்டடக் கலைஞர்கள் சான்றளிக்க, உரிமையாளர் அதன்படி பணம் கொடுத்துவிட்டார். பின்னர் ஒப்பந்தகாரர் கடனிறுக்க முடியாதவராகிவிட்டதால் பணத்தை மீட்க வழியில்லாமற் போயிற்று. சான்றளிப்பவர் நடுவர் போன்றவர், ஆகவே அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்ற வாதத்தைச் சபை ஏற்கவில்லை. கவனயீனமாகச் சான்றளித்தவர் தம்மை அமர்த்திய உரிமையாளருக்குப் பொறுப்புக்கூற வேண்டியவர் என்று தீர்ப்பாயிற்று.

உரிமையாளரும் கட்டடக் கலைஞரும் செய்யும் முதலாவது ஒப்பந்தத்தில் பணியின் கட்டங்கள் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டணத்தின் ஒரு பங்கு குறிக்கப்படும். முதல் வரைவு, விரிவான வரைபடம், கேள்விமனு கோரல், மேற்பார்வை, இறுதிக் கணக்கு என்று அவ்வரிசை செல்லும். பலர் கவனியாத ஒரு விடயம் இதில் உண்டு: பணம் கொடுத்து வாங்கிய வரைபடத்தை அந்த ஒரு கட்டடத்துக்குப் பயன்படுத்தும் உரிமையே பொதுவாக உரிமையாளருக்குக் கிடைக்கிறது, வேறாக எழுதப்படாவிட்டால் ஆக்கவுரிமை வரைந்தவரிடமே தங்கிவிடும்.

படிவங்கள் பிறந்த வகை

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கட்டடம் கட்டுவோர் சங்கத்தோடு சேர்ந்து 1888இல் ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த ஆவணங்கள் இன்றும் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. இங்கிலாந்தில் 1931 முதல் கூட்டு ஒப்பந்தத் தீர்ப்பாயம் என்ற அமைப்பு இப்பணியைச் செய்கிறது. 1913இல் தொடங்கிய ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசகப் பொறியியலாளர் கூட்டமைப்பு, 1957இல் தன் முதல் படிவத்தை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் சிவப்புப் புத்தகம் என்று பெயர்பெற்ற அப்படிவத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பே இலங்கையில் ஆழமான தாக்கத்தை ஏற்படுத்தியது.

இலங்கையில் இக்டாட் என்று சுருக்கமாக அறியப்பட்ட நிர்மாணப் பயிற்சி, அபிவிருத்தி நிறுவகம், பெரிய வேலை, நடுத்தர வேலை, சிறு வேலை என்று தனித்தனி மாதிரிக் கேள்விமனு ஆவணங்களைத் தயாரித்தது. பெரிய வேலைகளுக்கான ஆவணத்தின் 2007 ஜனவரிப் பதிப்பு ஃபிடிக் படிவத்தைத் தழுவியது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் பின் இந்நிறுவகத்தின் இடத்தை, சீடா என்று அழைக்கப்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தகாரரைத் தரம் பிரித்துப் பதிவு செய்வதும் இச்சபையே. ஏ15 வீதியோரத்தில் ஒரு பாடசாலைக் கட்டடமோ மதகோ அரச பணத்தில் எழும்போது, அதன் பின்னால் இவ்வகை ஆவணங்களில் ஒன்று இருக்கும்.

கையொப்பமிடாத வீட்டுக்காரர்

கடற்கோளுக்குப் பின் அரசாங்கம் கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் ஒன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் இந்த எல்லைகள் தளர்த்தப்பட்டாலும், வீட்டுத் திட்டம் இரண்டாகப் பிரிவதற்கு இவையே காரணமாயின. வலயத்துக்குள் வீடிழந்தவர்களுக்கு வேறு காணியில் குறைந்தது 500 சதுர அடி வீட்டை உதவி நிறுவனங்கள் கட்டிக்கொடுப்பது ஒரு முறை. வலயத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு, முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாயும் பகுதியாகச் சேதமுற்ற வீட்டுக்கு 100,000 ரூபாயும் தவணைகளாகக் கொடுத்து, அவர்களையே கட்டச் செய்வது மற்றையது.

முதலாவது முறையில் தொழில்தருநர் உதவி நிறுவனம். ஒப்பந்தகாரர் அந்நிறுவனம் அமர்த்தியவர். குடியிருக்கப் போகிறவர் பயனாளி என்ற சொல்லால் குறிக்கப்பட்டார். அவருடைய கையொப்பம் கட்டட ஒப்பந்தத்தில் இல்லை. இதன் விளைவு சட்டப் பாடமாக மட்டும் நிற்கவில்லை. கூரை ஒழுகினால் ஒப்பந்தகாரரைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் பொதுவாகத் தொழில்தருநருக்கே உண்டு. குறைதீர்ப்புக் காலம் முடிந்து நிறுவனமும் மாவட்டத்தை விட்டுச் சென்றபின், வீட்டுக்காரர் யாரிடம் எதன்பேரில் கேட்பது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் விடை இருக்காது. பயனாளி பெயரளவில் ஒரு சாட்சியாகவேனும் வேலையை ஏற்கும் பத்திரத்தில் இடம்பெற்றிருந்தால், குறைகளின் பட்டியல் அவர் வாயிலிருந்து வந்திருக்கும்.

இரண்டாவது முறை வீட்டுக்காரரைத் தொழில்தருநராக்கியது. 2012 ஒக்டோபர் 2 அன்று வடக்கிலும் கிழக்கிலும் உரிமையாளரே முன்னின்று கட்டும் கட்டத்தைத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டமும் இதே வழியில் சென்று, புதிய வீட்டுக்கு 550,000 ரூபாயும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாயும் கட்டங் கட்டமாக வழங்கியது. அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு நிலையும் முடிந்ததைத் தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிசெய்த பின்னரே அடுத்த தவணை வங்கிக் கணக்கில் சேரும் என்பதே இத்தகைய திட்டங்களின் பொது முறை.

இங்கே நுணுக்கமான ஒரு பிழை விளக்கத்துக்கு இடமுண்டு. உத்தியோகத்தர் கையொப்பமிடுவது பணம் கொடுப்பவருக்காக. வேலை குறித்த நிலையை எட்டியதா என்பதையே அந்தக் கையொப்பம் சொல்கிறது. வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் இடையிலான கணக்கை அது தீர்ப்பதில்லை. மேசனோடு பேசிய தொகை என்ன, அதற்குள் பூச்சு அடங்குமா, நிலை கதவு பொருத்தும் ஓடாவியின் கூலி யாருடையது, சீமெந்து பிந்தி வந்தால் வேலையில்லாமற் கழிந்த நாட்களுக்குக் கூலி உண்டா என்பவை பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நின்றன. ஒரே வீட்டில் மேலே எழுத்தாலான ஒரு கறாரான ஏற்பாடும், கீழே ஏட்டில் இல்லாத ஓர் ஏற்பாடும் இருந்தன. இடர் எல்லாம் அவ்விரண்டுக்கும் இடையில் நின்ற வீட்டுக்காரர்மீது இறங்கியது.

பணம் நகரும் வழி

மாதிரிப் படிவங்களின் மையம் பணத்தைக் கொடுக்கும் ஒழுங்கு. 4,000,000 ரூபாய் ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். ஒப்பந்தகாரருக்கு 20 வீதம், அதாவது 800,000 ரூபாய் முற்பணம் தருவதென்று எழுதியிருந்தால், அதே தொகைக்கு அவர் வங்கி உத்தரவாதம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். முற்பணம் பின்னர் ஒவ்வொரு கொடுப்பனவிலும் கழிக்கப்படும். சுவர் எழுந்த நிலையில் முடிந்த வேலையின் பெறுமதி 1,000,000 ரூபாய் என்று அளந்து சான்றளிக்கப்பட்டால், முற்பணக் கழிவு 200,000 ரூபாய். நிறுத்திவைப்புப் பணம் 10 வீதமாக 100,000 ரூபாய். மிகுதி 700,000 ரூபாய் ஒப்பந்தகாரர் கைக்குச் சேரும்.

நிறுத்திவைப்புப் பணம் என்பது, முடிந்த வேலையின் பெறுமதியில் ஒரு சிறு பங்கைக் குறைகள் திருத்தப்படும் வரை உரிமையாளர் தம்மிடம் வைத்திருப்பது. ஒப்பந்தத் தொகையின் 5 வீதத்தை, இங்கே 200,000 ரூபாயை, அது எட்டியதும் மேலும் கழிப்பதில்லை என்று வரம்பு வைப்பது வழக்கம். கட்டடம் கையேற்கப்பட்டதும் பாதி திருப்பித் தரப்படும். மறுபாதி குறைதீர்ப்புக் காலம் முடியும்போது, பெரும்பாலும் 365 நாட்களின் பின், கொடுபடும். கிழக்குக் கரைக்கு இந்த ஓராண்டு மிகப் பொருத்தமான அளவு. பங்குனியில் முடிந்த வீட்டின் கூரையும் தளமும் ஆவணி வரை எந்தக் குறையையும் காட்டா. வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழியிலேயே ஓட்டின் பிளவும் சுவரின் ஈரக்கசிவும் வெளியே வரும். ஒரு மாரியைக் கடந்தபின் கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கான உரிமையை அந்த 365 நாட்கள் தருகின்றன.

வேலையின் விலையை நிர்ணயிப்பதற்கும் வழிகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் அளவும் அலகு விலையும் எழுதிய பட்டியலைத் தொழிலில் பி.ஓ.கியூ. என்பார்கள்; உண்மையில் செய்த அளவை அளந்து பணம் கொடுப்பது அதன் முறை. முழு வீட்டுக்கும் ஒரே தொகை பேசுவது இன்னொன்று. பொருளை உரிமையாளர் வாங்கிக் கொடுக்க, சதுர அடிக் கணக்கிலோ மொத்தமாகவோ கூலிக்கு மட்டும் கொந்தராத்துக் கொடுப்பது ஊர்களில் மிகப் பரவலான மூன்றாவது வழி. எந்த வழியானாலும் இடையில் வரும் மேலதிக வேலையே பெரும் பிணக்கின் ஊற்று. வரைபடத்தில் இல்லாத ஒரு விறாந்தையை வேலை நடக்கும்போது கேட்பது எளிது. அதன் விலையையும் அதற்கான மேலதிக நாட்களையும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பின்னரே கல் வைக்க வேண்டும் என்று படிவங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

மழை, விலை, போர்

தவணை தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே குறிக்கும் தொகை தாமத நட்டஈடு. நாளொன்றுக்கு 0.05 வீதம், உச்ச வரம்பு 10 வீதம் என்று எழுதப்பட்டிருந்தால், மேற்சொன்ன ஒப்பந்தத்தில் அது நாளுக்கு 2,000 ரூபாய், மொத்தம் 400,000 ரூபாய்க்கு மேற்படாது. தாமதம் தம்முடைய தவறால் நேரவில்லை என்று காட்ட முடிந்தால் ஒப்பந்தகாரர் கால நீடிப்புப் பெறலாம். ஃபிடிக் 1999 படிவத்தில் அசாதாரணமான பாதகக் காலநிலை கால நீடிப்புக்கு ஒரு காரணம். ஆனால் அதற்காக மேலதிகப் பணம் கிடையாது. மார்கழியில் மழை பெய்ததென்று வாகரைக் கரையில் யாரும் வியக்க மாட்டார்கள்; அனுபவமுள்ள ஒப்பந்தகாரர் அம்மழையைக் கணக்கிட்டே நாள் குறித்திருக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தை மூழ்கடித்த 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தைப் போன்றது வேறு வகை; மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பெருகிப் போக்குவரத்து அறும் நாட்களுக்குக் கால நீடிப்புக் கேட்பதில் நியாயம் உண்டு. கேட்பதற்கும் காலக்கெடு உண்டு: நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்காத ஒப்பந்தகாரர் அப்படிவத்தின்படி தம் உரிமையையே இழக்கிறார்.

விலையேற்றத்தின் சுமை எங்கே விழும் என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்ட, சீமெந்து மூடையின் விலையும் சில மாதங்களில் இரு மடங்கைத் தாண்டியது. சீடா மாதந்தோறும் வெளியிடும் விலைச் சுட்டெண்களைக் கொண்டு கொடுப்பனவைச் சீராக்கும் சூத்திரம் ஒப்பந்தத்தில் இருந்தால், ஏற்றத்தின் பெரும் பகுதி தொழில்தருநரைச் சேரும். ஒரே தொகை பேசி விலைச் சீராக்கம் இல்லையென்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தகாரரை நசுக்கும். அவர் வேலையைப் பாதியில் விட்டுச் சென்றால், காகிதத்தில் வென்ற உரிமையாளர் கூரையில்லாத சுவரோடு நிற்பார். எல்லா இடரையும் அடுத்தவர்மீது தள்ளும் ஒப்பந்தம் உரிமையாளருக்கும் நல்லதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போரையும் இயற்கைப் பேரழிவையும் யாராலும் தடுக்க இயலாத நிகழ்வுகள் என்ற தலைப்பில் படிவங்கள் வைக்கின்றன. அவை நேர்ந்தால் 14 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுத்து வேலையை நிறுத்தலாம். வேலை தொடர்ந்து 84 நாட்கள் முடங்கினால் எத்தரப்பும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அதுவரை செய்த வேலைக்கான பணம் ஒப்பந்தகாரருக்குச் சேர வேண்டும். இரண்டு ஆண்டு இடைவெளியில் கடற்கோளையும் போரையும் கண்ட ஒரு கரையில் இந்த வாசகத்தை வெறும் சம்பிரதாயமாகப் படிக்க இயலாது.

அனுமதி யாருடைய வேலை என்பதும் எழுதப்பட வேண்டியதே. நிரந்தரக் கட்டடத்துக்கான திட்ட அனுமதியைப் பெறுவது பொதுவாகத் தொழில்தருநரின் பொறுப்பு. கதிரவெளியில் அது பிரதேச சபையின் அனுமதியோடு முடியாமலும் போகலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாகக் கொள்வதால், அதற்குள் கட்டுவோர் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியையும் கவனிக்க வேண்டும். அனுமதியில்லாமல் வேலை நிறுத்தப்பட்டால் வீணான நாட்களின் செலவு உரிமையாளர் தலையில் விழும்.

இரண்டு பக்கத் தாள்

பிணக்கு வந்தால் பெரிய ஒப்பந்தங்கள் படிமுறை ஒன்றை வகுக்கின்றன: முதலில் பொறியியலாளரின் தீர்மானம், பின் தீர்ப்பாளர் ஒருவரின் அல்லது குழுவின் முடிவு, கடைசியில் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்பு. சிறிய வீட்டுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளைச் செலவின்றிப் பேசித் தீர்க்கும் இடமாக உள்ளது. ஆயினும் சபையார் முன் வைக்க எழுத்து ஒன்று வேண்டும்.

நூறு பக்கப் படிவத்தை மேசனும் வீட்டுக்காரரும் சுமக்க வேண்டியதில்லை; அதன் சாரம் இரண்டு பக்கத்தில் அடங்கும். வரைபடத்தின் திகதியும் இலக்கமும், வேலையில் அடங்குபவையும் அடங்காதவையும், தொகையும் அது எந்த நிலையில் எவ்வளவாகக் கொடுக்கப்படும் என்பதும், பொருள் வாங்குபவர் யார் என்பதும், விலை ஏறினால் என்ன செய்வது என்பதும், தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும், மேலதிக வேலையை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முறையும், ஒரு மாரி கடக்கும்வரை நிறுத்திவைக்கும் பணமும், பிணக்கை யாரிடம் கொண்டுபோவது என்பதும் அதில் இருந்தால் போதும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பாதையையும் கிணற்றையும் ஒப்பந்தத்தில் எடுத்துக் கட்டும் வழக்கம் இப்பகுதியில் இருப்பதால், இத்தகைய தாளை எழுதவும் வாசித்துக் காட்டவும் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

இத்தாள் மேசனைக் கட்டிப்போடும் கயிறு என்று எண்ணுவது பரவலான தயக்கம். இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு மாறான விடையைத் தருகிறது. செய்த வேலைக்கான கூலியைக் கோரும் வழக்கு, எழுத்தில்லாத இடத்தில், பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்கப்பட வேண்டும். எழுதிய ஒப்பந்தத்தின் மேல் வரும் வழக்குக்குக் காலம் ஆறு ஆண்டு. வாய்ப்பேச்சை நம்பி வேலை செய்பவரே விரைவில் உரிமையை இழக்கிறார். ஆகவே கல் இறக்கும் முன் தாள் எழுதப்பட வேண்டும் என்று கேட்பதற்கு வீட்டுக்காரரைவிட மேசனுக்கே காரணம் அதிகம்.